மோட்டார் ரூம் மாத்திரை

தம்பிதுரை அண்ணனுக்கு ஒரு வியாதி. சர்க்கரையைச் சொல்லவில்லை. அது அவருக்குப் பன்னிரண்டு வருசமாக இருக்கிறது. எங்கள் பக்கம் அது இல்லாத ஆளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நான் சொல்வது வேறு. அவருக்கு யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது.

கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி விழுந்தால் "போதுங்" என்று சொல்ல மாட்டார். தின்றுவிட்டு வந்து ராகிக் களத்தில் நடையாய் நடப்பார். சித்திரை வெயிலில் ஒருவன் கம்பளி விற்க வந்தான். அவனையும் வெறும் கையோடு அனுப்பவில்லை. என் கதையைச் சொன்னால் எனக்கே வெட்கம். மருந்தடிக்கிற மிஷின் என்று நான் சொந்தமாக ஒன்று வாங்கியதே கிடையாது. தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் இரண்டு பேர் தோட்டமும் அடுத்தடுத்து, நடுவில் ஒரு கம்பி வேலிதான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு குரல் கொடுத்தால், "எடுத்துட்டுப் போ கண்ணு" என்பார். அன்றைக்குத்தான் அவர் தக்காளிக்கு மருந்தடிக்க வேண்டியிருக்கும். அது எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி எடுத்து வந்துவிடுவேன். இந்த ஐயாசாமி கொஞ்சம் அப்படித்தான்.

ஆனை வந்து வாழையை மிதித்த அன்றைக்குக்கூட அந்த மனுசன் தப்பித்துக்கொண்டார். இந்த வியாதி அவரைக் கொண்டுபோயிருக்கும்.

முதல் தடவை விழுந்தது வைகாசிக் கடைசியில். காலை பதினோரு மணி இருக்கும். அவர் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நான் வேலியோரம் வெங்காயத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மம்மட்டி மட்டும் வாய்க்காலில் நிற்கிறது, ஆளைக் காணோம். கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வரப்பில் சாய்ந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. என்னைப் பார்த்து, "ஏனுங்க, காந்திபுரம் வந்துருச்சுங்களா?" என்றார்.

"அண்ணா, ஐயாசாமிங்ணா!"

"டிக்கட் எடுத்துப்போட்டனுங்க" என்று மடியைத் தடவினார்.

ஆளுகளுக்கு வாங்கி வைத்த டீ தூக்குப்போசியில் இருந்தது. பாகு மாதிரி இனிப்பு. வாயில் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "வெய்யலுங் கண்ணு, வேற ஒண்ணுமில்ல. ஊட்டுல சொல்லிப்போடாத" என்றார். நானும் சொல்லவில்லை.

ஆனியில் கட்டுத்தரையிலேயே விழுந்தார், மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடுகிறபோது. அன்றைக்கு அவர் சம்சாரம் குழந்தையம்மாள் அக்கா பக்கத்தில் இருந்தார். நான் முன்பு மாதிரியே டீயைத் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா பிடுங்கி வைத்துவிட்டார்.

"அய்யோ சாமி, சக்கரைக்காரருங்! இனிப்பக் குடுத்துக் கொன்னுபோடாதீங்க" என்று மோரை ஊற்றினார். அன்றைக்கு அவர் தெளிய வெகுநேரம் பிடித்தது. நாலு வாய் களி உள்ளே போன பிறகுதான் பேச்சு வந்தது. வந்ததும் அக்காவைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங் அம்மணி?" என்று கேட்டார்.

அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். எங்களுக்கெல்லாம் கேட்டது.

அவர்களுக்கு ஒரே மகன். பேர் சுரேந்தர், கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். சேதி கேட்ட மறுநாளே வந்து அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வெறும் வயிற்றில், எந்த மாத்திரையும் போடாமல் வரச் சொன்னார்கள். தலைக்குள் படம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். எல்லாம் சரியாக இருந்தால் மனுசன் ஏன் விழுகிறார்? அடுத்த வாரமே மறுபடியும் விழுந்தார். அதுவும் மோட்டார் ரூம் வாசலில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அரிசும்பருப்புச் சோறு ஆக்கியிருந்தார். நெய் வாசம் வேலி தாண்டி வந்தது; நான் போகாமல் இருப்பேனா? சுரேந்தர் தட்டில் கை வைக்கவே இல்லை.

"அப்பா, நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டனுங். தோட்டத்தக் குத்தகைக்கு உட்ருலாம். கிணத்துக்கடவுக்காரர் ஒருத்தரு கேக்கறாரு. நல்ல மனுசன். நீங்களும் அம்மாவும் எங்கூட வந்துருங்க."

அண்ணன் சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தார். "மாடு கெடக்குதே கண்ணு."

"மாட்டையும் குடுத்துரலாமுங்."

"தக்காளி இப்பத்தான் காய் புடிக்குது."

"அப்பா!" என்று சத்தம் போட்டான் சுரேந்தர். அவன் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. "கரண்டுப் பொட்டிக்குப் பக்கத்துல உழுந்து கெடந்தீங்க. கை அதுல பட்டிருந்தா? நான் பட்டறையில நிக்கறன், போன் அடிச்சாலே லேத்த நிறுத்திப்போட்டு ஓடறனுங். அம்மா போனுன்னா நெஞ்சே நின்னுபோவுது. எனக்கு அப்பன் வேணுமுங்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் மகனைப் பார்த்தார், வெளியே தென்னையைப் பார்த்தார்.

"சரி கண்ணு" என்றார்.

புதன்கிழமை கிணத்துக்கடவுக்காரர் கையெழுத்துப் போட வருவதாக ஏற்பாடு. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் தக்காளிக்குள் நின்றுகொண்டிருந்தார். நான் வேலியோரம் போனேன்.

"வேண்டாமுன்னு சொல்லியிருக்கலாமல்லங்ணா?"

"புள்ள பயந்துபோயிக் கேக்கறான் ஐயாசாமி. எப்பிடிச் சொல்றது?" என்றார். சாய்ந்த செடி ஒன்றை நிமிர்த்தி விட்டுக்கொண்டே, "அவன் ஊட்டுல சன்னலத் தெறந்தா பக்கத்தூட்டுச் செவுருதான். ரண்டு நாள் இருந்தன். பொழுது எந்தப் பக்கம் கெளம்புதுன்னே தெரீல" என்றார். மிஷின் கேட்கத்தான் போயிருந்தேன். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஊரில் ஒரு புதுச் சேதி. அண்ணன் பன்னிரண்டு வருசமாக வைத்தியம் பார்ப்பது டவுனில் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியில். அங்கே தேவானந்தம் டாக்டர் என்றால் அவருக்குச் சாமி மாதிரி. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் வேறு. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இவர்கள் ஒரு சீட்டு, அவர்கள் ஒரு சீட்டு. ஆடி பிறந்ததும் இரண்டும் சேர்ந்துகொண்டன. இனி வீட்டுக்கு ஒரே நோட்டு. அங்கிருந்து ஒரு நர்சும் இங்கிருந்து மாத்திரை கொடுக்கிற அம்மணியும் ஜோடியாக வீடு வீடாக வருவார்கள். நோட்டை இரண்டு டாக்டரும் பார்ப்பார்கள். பால் சொசைட்டி வாசலில் நாங்கள் செய்த கேலி கொஞ்சமா? "சர்க்காரும் மிஷனும் சம்பந்தம் பண்ணியாச்சுங்களா? பொண்ணு ஊடு யாரு, மாப்பள ஊடு யாரு?" என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். எழுதுகிற நோட்டில் ஒன்று கூடிப்போச்சு, வேறென்ன என்றும் சொன்னேன். என் வாயை என்ன சொல்ல.

செவ்வாய்க்கிழமை. ஆடிக்காற்று தென்னை மட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. சிறுவாணிப் பக்கமிருந்து தூறல். அண்ணன் வீட்டு வாசலில் நான் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அக்கா புலம்பினார். "நாளைக்கு அந்த ஆளு வாராருன்னதும் சோறு எறங்க மாட்டேங்குதுங்க. மாத்தரைய மட்டும் போட்டுட்டு உக்காந்திருக்காரு."

அப்போதுதான் வாய்க்கால் மேட்டில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஒரே மழைக்கோட்டுக்குள் இரண்டு பெண்கள். ஓட்டியது சாஜிதா பேகம், இத்தனை நாள் சர்க்கார் மாத்திரையை வீடு வீடாக நடந்தே கொண்டுவந்து கொடுத்த அம்மணி. பின்னால் கொண்டை போட்ட ஒரு புதுப் பெண்.

அண்ணன் அவர்களைப் பார்த்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. விருட்டென்று எழுந்து பின்பக்கமாக நடையைக் கட்டினார்.

"எங்கீங்ணா போறீங்க?"

"மாட்டுக்குத் தண்ணி..."

"நான் அப்பவே காட்டியாச்சுங்!" என்று அக்கா கத்தினார். அதற்குள் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. வீடு தேடி வந்தவர்கள் முன்னால் முதுகைக் காட்டிப் போகிற பழக்கம் அவர் பரம்பரைக்கே இல்லை. திரும்பி வந்து, "வாங்கம்மணி, வாங்க. மழையில வாரீங்க, உக்காருங்க" என்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

புதுப் பெண் கும்பிட்டாள். "என் பேரு ஜோஸ்லினுங்க ஐயா. மிஷன் ஆஸ்பத்திரி நர்சு. தேவானந்தம் டாக்டரு உங்கள ரொம்ப விசாரிச்சாருங்க."

"நல்லாருக்கறாருங்களா?"

"நல்லாருக்காருங்க. உங்க மாத்திரையெல்லாம் கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா? நோட்டுல எழுதோணும்."

அக்கா உள்ளே போய்ச் சாமி படத்தடியில் இருந்த டப்பாவை எடுத்து வந்தார். வெள்ளை மாத்திரை. ஜோஸ்லின் எழுதிக்கொண்டாள். சாஜிதா அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்ப இருந்துங்க அக்கா?"

"இதுங்களா? பன்னெண்டு வருசமாப் போடறாரு. டாக்டரு அப்பப்ப மாத்துவாரு."

"அப்ப நான் குடுக்கறது?"

"நீங்க குடுக்கறீங்களா? என்னத்த அம்மணி?" என்றார் அக்கா.

சாஜிதா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"அண்ணா, சித்தரையில இருந்து மாசாமாசம் மோட்டார் ரூமுக்கிட்ட வந்து குடுக்கறனல்லங்? வேற எங்கியும் மாத்தரை வாங்கறீங்களான்னு மொத நாளே கேட்டனல்லங்? இல்லீன்னு சொன்னீங்களே!"

"கேட்டீங்..."

"நான் குடுத்தத எங்கீங் வெச்சிருக்கீங்க?"

"மோட்டார் ரூமுல."

என்னைப் போகச் சொன்னார்கள். ஓடினேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே, எலி ஏறாதபடி கம்பியில் கட்டித் தொங்கிய பிஸ்கட் டப்பா. உள்ளே ரோஸ் கலர் மாத்திரை. பாதி தீர்ந்திருந்தது. காலி அட்டைகளை மடித்து ரப்பர் போட்டு வைத்திருந்தார்.

ஜோஸ்லின் இரண்டு அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். "கம்பெனி வேற, பேரு வேற, கலரு வேற. உள்ள இருக்கற மருந்து ஒண்ணேதானுங்க" என்றாள். "ஐயா, தெனமும் ரெண்டையுமா போடறீங்க?"

"ஆமாங்."

"எதுக்குங்க?"

அண்ணன் வாயைத் திறக்கப் பட்ட பாடு! குரல் குழறியது. "இந்த அம்மணி அத்தன தூரம் வெய்யல்ல நடந்து வருதுங். நான் வேற பக்கம் வாங்கறன்னா, வந்தது வீணுன்னு மனசு நோவுமல்லங்? டாக்டரு பன்னெண்டு வருசமாப் பாக்கறாரு. சர்க்கார் மாத்தரை திங்கறன்னு சொன்னா, நம்ம மேல நம்பிக்கையில்லாமப் போச்சான்னு நெனைப்பாரல்லங்? வாங்கிப்போட்டு வீசறதும் பாவம். இந்த அம்மணி காலி அட்டைய வேற கேக்குது. மாத்தரைய எடுத்துக் கெணத்துல போட்டுட்டு, அட்டையக் காட்டிப் பொய் சொல்ல எனக்குத் தெரியாதுங். அதான்... முழுங்கிப்போட்டன்."

நான் சிரித்துவிட்டேன். சத்தியமாக அடக்க முடியவில்லை. ஆனால் ஜோஸ்லின் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். "கை சில்லுன்னு இருக்குது. இது பயத்துல வந்த வேர்வை இல்லீங்க." விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அந்தக் குட்டி மிஷின். "சக்கரை ஐம்பத்தியாறுதான்! அம்மா, வெல்லம் கொண்டாங்க, சீக்கிரம்!"

"சக்கரைக்காரருங்..." என்று அக்கா நின்றார்.

"ஏறுனா மட்டும் ஆபத்தில்லீங்கம்மா. எறங்குனா அதவிட அவசரம். கொண்டாங்க!"

அக்கா ஓடின ஓட்டத்தில் அஞ்சறைப் பெட்டி உருண்டது. கரைத்த வெல்லத் தண்ணீரை அண்ணன் மடக்கு மடக்காகக் குடித்தார். அக்கா சொம்பை விடாமல் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு டீயப் புடுங்கி வெச்சனே. பாவி நான், மோரை ஊத்துனனே" என்று அழுதார். சாஜிதா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நானுந்தானுங்க்கா. நடந்து நடந்து வந்து, என்ற கையாலயே குடுத்து..." முடிக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்து என் கண்ணும் கலங்கிவிட்டது. சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"உங்க மேல தப்பில்லீங்கக்கா" என்றாள் ஜோஸ்லின். "எங்க ஆஸ்பத்திரியும் உங்க சென்டரும் ஒரே பஸ் ரூட்டுலதான் இருக்குது. ஒரு போன் போட்டு இவருக்கு நீங்க என்ன குடுக்கறீங்கன்னு நாங்க கேட்டிருக்கோமா? இந்த நோட்டு சித்திரையிலயே வந்திருக்கோணும்."

டாக்டருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"தம்பிதுரை" என்றார் டாக்டர்.

அண்ணன் எழுந்து நின்றுகொண்டார், போனுக்கு முன்னால். "சொல்லுங் டாக்டர்."

"இன்னிக்கே கிளம்பி வாங்க. ரெண்டு மூணு நாள் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும், இந்த மருந்து உடம்பை விட்டு லேசில போகாது. அப்புறம் மாத்திரை அவங்க வீட்டுக்கு வந்து கொடுக்கறதே போதும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்கிட்ட வந்து காட்டுங்க. அங்க இருக்கற டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

"உங்களுக்கு வருத்தமில்லீங்களா டாக்டர்?"

"நீங்க செத்துப்போயிருந்தாத்தான்யா எனக்கு வருத்தம்! எனக்கு மரியாதை கொடுத்தது போதும், வாயைத் திறந்து உண்மையைச் சொல்லுங்க."

அண்ணன் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அக்காவைப் பார்த்து, "குழந்த, வந்தவீகளுக்கு மோரு குடுத்தியா?" என்றார். அக்காவுக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப நான் எந்த ஊருன்னு தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

சுரேந்தர் பட்டறையைப் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு வந்தான். விசயத்தைக் கேட்டு வராந்தா பெஞ்சில் அப்படியே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "மண்டைக்குள்ள கட்டியோ என்னமோன்னு நெனைச்சுத் தூங்கலீங் சித்தப்பா. கடைசில மரியாதையா?" என்று என்னைக் கேட்டான். கிணத்துக்கடவுக்காரரை அடுத்த புதன் வரச் சொல்லிவிட்டோம். வேண்டாம் என்று முறித்துச் சொல்ல அவனுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. "இன்னொருக்கா உழுகலீன்னு பாக்கோணுமல்லங்" என்றான்.

விழவில்லை. நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். சுரேந்தர் லீவு போட்டவன் மாதிரி கூடவே இருந்து, அவர் தண்ணீர் கட்டினால் பின்னால் வரப்பில் நின்றான். சாஜிதாவும் ஜோஸ்லினும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து விரலைக் குத்தினார்கள். நூற்றி நாற்பது. நூற்றி இருபத்தெட்டு. நோட்டில் எழுதினார்கள். மோட்டார் ரூமில் இருந்த பிஸ்கட் டப்பாவை அக்கா எடுத்து வந்து அதில் வெல்லம் போட்டு வைத்தார். "திடீர்னு எறங்குனா கைக்கு ஒண்ணு வேணுமல்ல" என்றார்.

புதன்கிழமை வந்தது. கிணத்துக்கடவுக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். உண்மையிலேயே நல்ல மனுசன். தென்னையைப் பார்த்து, தக்காளியைப் பார்த்து, மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, "நீங்க வெச்சிருக்கற மாதிரியே வெச்சுக்குவனுங்க" என்றார். அக்கா காப்பி கொடுத்தார். அவர் பேப்பரை எடுத்து விரித்தார். சுரேந்தர் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். மறுபடியும் இந்தத் தோளுக்கே மாற்றினார். சொல்லிவிடுங்கண்ணா, சொல்லிவிடுங்க என்று மனசுக்குள் கத்தினேன்.

"ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார். "அத்தன தூரம் வந்துபோட்டீங்க. மனசுக்குச் சங்கட்டமாத்தான் இருக்குதுங். ஆனா... வேண்டாமுங்."

"குத்தகைப் பணம் பத்தலீங்களா?"

"குத்தகையே வேண்டாமுங். நானே பாத்துக்கறன்."

அந்த மனுசன் சுரேந்தரைப் பார்த்தார். சுரேந்தர் தலையை ஆட்டினான். அவன் கண் நிறைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா சொன்னாச் சரிதானுங்க" என்றான். வந்தவர் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கோபப்படவும் இல்லை, வானம் இடிந்து விழவும் இல்லை. காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். போகிறபோது அண்ணன் ஒரு கூடைத் தக்காளியை வண்டியில் ஏற்றிவிட்டார். அந்தப் புத்தி மட்டும் போகவில்லை.

கார் போன சத்தம் அடங்கியது. எனக்கு அவ்வளவு நிம்மதி. இவ்வளவு நாள் நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. அந்தச் சந்தோசத்தில், தூறலும் விட்டிருக்கிறதே என்று, வழக்கம்போல வேலியோரம் போய்க் குரல் கொடுத்தேன்.

"அண்ணா, மருந்தடிக்கற மிஷினு நாளைக்கு வேணுமுங்."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். துண்டைத் தோள் மாற்றிப் போட்டார்.

"நாளைக்கு என்ற தக்காளிக்கு அடிக்கோணும் கண்ணு" என்றார். "நாளான்னிக்கு எடுத்துக்க."